சூடாறாத எஞ்சினும் வீட்டு மாப்பிள்ளையும்

வாடகைக் கார் ஓட்டுகிற என் நாத்தனாரை ஸ்டாண்டில் எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தவன் அவளிடம் திட்டு வாங்கிய ஒரு வேன்காரன். நிஜ ஹாரன் கெட்டுப்போன வாரத்தில்கூட, கண்ணாடியை இறக்கி அவள் ஒரு குரல் விட்டால் முன்னால் போகிற லாரி ஒதுங்கும். என் மாமனாருக்கு ஐந்து பெண்கள், ஒரே ஆண். அந்த ஆண்தான் எனக்கு வாய்த்தவர். பெண்களில் மூத்தவள் வாயில்லாப் பூச்சி, அடுத்தவள் அழுமூஞ்சி, நடுவில் இரண்டு பேர் எதற்கும் தலையாட்டுகிறவர்கள். வீட்டில் மிச்சமிருந்த வாயெல்லாம் கடைக்குட்டியான இவளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இவள் புருஷன் தையல்காரர், எனக்கு அண்ணன் முறை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு நாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு அவர் படுத்துக் கிடக்க வேண்டும். ஒரு தடவை இவளுக்குக் காய்ச்சல் என்று வேறொரு காரைப் பேசி வைத்தார்கள். அந்த டிரைவர் வரவில்லை. மறுநாள் அந்த மனுஷன் மூச்சு விட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் அவள் எவனையும் நம்பவில்லை. தன் காரை மட்டும் நம்பினாள்.

அந்தக் காரின் எஞ்சினை மாதம் ஒரு தடவை அவளே சுத்தம் செய்வாள். பிசுக்கு அப்பிக் கிடந்தால் ஆயில் எங்கே கசிகிறது என்று தெரியாதாம். குழாயைத் திறந்து பீச்சுகிற வேலை இல்லை அது. முதல் நாள் ராத்திரியே வண்டியை நிறுத்திவிடுவாள். விடிந்ததும் தெருவுக்குத் தள்ளி, பானட்டைத் திறந்து, எஞ்சின் ஜில்லென்று ஆகிவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பாள். பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவாள். டைனமோவுக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் காற்று உள்ளே போகிற வாய்க்கும் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவாள். பிறகு சோப்புத் தண்ணீர், பிரஷ், ஈரத்துணி, துணி, மறுபடி துணி. பானட் சாயங்காலம் வரை வெயிலில் திறந்தே கிடக்கும். மாடியில் குடியிருக்கிற நான் கீழே வந்து பக்கத்தில் நின்று கதை பேசுவேன். அதனால் எனக்கும் எல்லாம் அத்துப்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரச் சவாரி முடித்து மத்தியானம் வந்தாள். வண்டியை வீட்டோடு ஒட்டின ஷெட்டில் விட்டுவிட்டு, உள்கதவு வழியாகக் குளிக்கப் போனாள். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆபீஸில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். கெட்டவர் இல்லை, முகம் மட்டும் கண்ணாடித் தட்டு மாதிரி. கல்யாணத்தன்று என் பெரிய மகன் அவர் ஷூவைப் பற்றி ஏதோ ஜோக்கடித்தான் என்று இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது சரிதான்.

"அத்தை குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எஞ்சினைப் பளபளன்னு ஆக்கிடறேன் மாமா" என்று சட்டைக் கையை மடித்தார். பக்கத்து வீட்டில் ஸ்கூட்டர் கழுவுகிற பிரஷர் பம்பை வாங்கி வந்துவிட்டார். பானட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

தையல்காரர் ஷெட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் ஆறட்டுமே."

"சூடா இருந்தாத்தான் மாமா பிசுக்கு இளகும்."

"அதுவும் சரிதான்."

என்ன சரி? ஒரு மண்ணும் சரியில்லை! இருபது வருஷம் பெண்டாட்டி செய்வதைப் பார்த்த மனுஷன் அவர். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்குத் தெரியும். அங்கேயே துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன், மகள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மூடிக்கொண்டேன்.

பம்பிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஒரு பை இல்லை, ஒரு மூடி இல்லை, வயர் எல்லாம் முழுக்க நனைந்தது. மூலையில் கறுப்புப் பிசுக்கு மட்டும் போகவில்லை. மாப்பிள்ளை விடவில்லை. தன் பைக்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்து வந்தார். தெருப் புழுதி படியக் கூடாது என்று ஷட்டரை வேறு இறக்கினார். பிரஷ்ஷை முக்கித் தேய்த்தார்.

"மாப்பிள்ளை, வாசனை தூக்குதே" என்றேன்.

"பெட்ரோல்தான் பெரியத்தை. அழுக்கை நல்லா வெட்டும்."

"அப்படியா" என்றேன். மறுபடி துணியை மடித்தேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டா ஈரமெல்லாம் தானா காஞ்சிடும்" என்று சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்தார்.

குளித்த ஈரம் சொட்டச் சொட்ட, தலையில் துண்டோடு ஓடி வந்தாள் ஹாரன். குளியலறை வரை பெட்ரோல் நாற்றம் போயிருக்கிறது. அவர் கையிலிருந்த சாவியை அப்படியே பிடுங்கினாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க! லைட் சுவிட்சுகூட! நீங்க எழுந்து வெளிய போங்க!" கடைசி வார்த்தை புருஷனுக்கு.

ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினாள். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் தள்ள, நாங்களும் தள்ள, வண்டி தெருவுக்கு வந்தது. வாசனை முழுக்க அடங்குகிற வரை பேட்டரி வயரைக்கூட அவள் தொடவில்லை. கழற்றும்போது ஒரு பொறி தெறித்தாலே போதுமாம். அந்த நேரம் பூராவும் திட்டத்தான் செய்தாள்.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சவங்க. எஞ்சின் கொதிக்குது. பேட்டரி மாட்டியிருக்கு. ஷட்டர் சாத்தியிருக்கு. பெட்ரோல் வழியுது. இதுல சாவியைத் திருப்பினா என்னங்க ஆகும்? உங்க வாயால சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"இல்ல அத்தை, வீடியோல..."

"வீடியோல உங்க மாமனார் பக்கத்துல உக்காந்திருந்தாரா?"

"அம்மா, அவர்கிட்ட போய் இப்படி..." என்றாள் மகள்.

"நீ பேசாத. வாளி தூக்கினவ நீ."

மாப்பிள்ளை துணியை எறிந்துவிட்டு உள்ளே போனார். பையோடு திரும்பி வந்தார். மகள் அழ ஆரம்பித்தாள். தையல்காரர் மெதுவாக, "ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிடேன். வீட்டு மாப்பிள்ளை" என்றார்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு இந்த வண்டி கிளம்பலன்னா உங்ககிட்ட கேக்கறேன் மன்னிப்பு. வேற யார்கிட்டயும் கேக்கறதா இல்ல." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "போறதுன்னா போங்க. நாலு பிளக் குழியிலயும் தண்ணி நிக்குது. அதை எடுத்துட்டுப் போங்க."

தெருவே வேடிக்கை பார்த்தது. மாப்பிள்ளை கையில் பை. மாமனார் நெஞ்சைத் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பிளக்கின் மேலும் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற காயிலைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் பட்ட இடத்தைச் சோப்புத் துணியால் துடைத்தார். குழிக்குள் சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்தார்.

"அடிக்கறீங்களா, தடவறீங்களா? இந்தக் காத்துக்குக் கொசுகூட நகராது."

சாயங்காலம் முதல் தடவை சாவியைத் திருப்பியபோது வண்டி செருமிவிட்டு அடங்கியது. தையல்காரர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார்கள். இருட்டுகிற நேரத்தில் நடுங்கி, இருமி, ஒருவழியாக ஓடியது. அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் அணைத்தாள்.

அப்புறம் என்னிடம் வந்தாள். சத்தமே போடவில்லை.

"அண்ணி, மாப்பிள்ளைக்குத் தெரியாது. என் புருஷன் நோயாளி, பயப்படறார். உங்களுக்கு என்ன? மாசாமாசம் பக்கத்துல நின்னு பாக்கறவங்க நீங்க."

"மாப்பிள்ளையாச்சேன்னு..."

"மாப்பிள்ளை முகம் வாடக் கூடாதுன்னு என் புருஷனைக் கொளுத்தப் பாத்தீங்க."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. மாடியிலிருந்து பார்த்தேன். பின்னால் தையல்காரர், அவர் பக்கத்தில் தலையணையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை. தினமும் "அண்ணி, போயிட்டு வரேன்" என்று தெருவே எழுந்துகொள்கிற மாதிரி கத்துகிறவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கியரைப் போட்டாள். மாப்பிள்ளைதான் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார்.

மாப்பிள்ளையோடு அவள் அன்றைக்கே பேசிவிட்டாள். என்னோடு பேசப் பதினொரு நாள் ஆனது.