அருளப்பன் கொண்டுவந்த சீசா

மெர்சிங் படகுத்துறைக்கு எதிரே என் காப்பிக் கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஜொகூர் பாருவிலிருந்து வந்த லாரிக்காரன் சேதி சொன்னான். "அண்ணே, பட்லர் அருளப்பன் போயிட்டாரு. நேத்துதான் அடக்கம்." நான் அடுப்பை விட்டு நகரவில்லை. "அலமாக், கல்லு மாதிரி நிக்கிறீங்களே லா," என்றான். பிறகு மாதா கோயில் பெரியவர்கள் ஆள் அனுப்பினார்கள். அவரோடு அதிக நாள் வேலை பார்த்தவன் நான்தானாம். கோயிலில் வாசிக்க, அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். சர்க்கரை போட மாட்டேன்.

உங்களில் பலருக்கு அவரை வெள்ளை உடுப்பில்தான் தெரியும். துரைமார் கிளப்பில் அவர் தலைமைப் பட்லர். நான் ஸ்டோரைப் பார்த்தவன். எனக்கு அவரைத் தெரிந்தது கிளப்புக்குக் கீழே இருந்த செங்கல் அறையில். இந்த ஊர் வெக்கையில் ஒயின் தாங்காது. சுவர் முழுக்கச் சாக்குகளைத் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிப்பேன். ஒரு மழைக்காலத்தில் அந்த அறைக்குள் முழங்கால் அளவு வெள்ளம் வந்துவிட்டது. அருளப்பன் வெள்ளை உடுப்போடேயே இறங்கினார். "தலையில ஏத்து முத்தையா. கல்யாணப் பொண்ண இறக்குற மாதிரி பாத்து இறக்கு," என்று சிரித்துக்கொண்டே பெட்டி சுமந்தார். அன்று ஒரு சீசாகூட உடையவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

புதிதாக வந்த சிவப்பு ஒயின் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தது போல நாக்கை இழுக்கும். தெரியாதவர்கள் கெட்டுப்போனது என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த அருளப்பன் அப்படிச் சொல்ல மாட்டார். "பாக்குத் துவர்ப்பா இருந்தா வை, வருசம் போனா ஆறிடும். பச்சக் காம்புத் துவர்ப்பா இருந்தா இப்பவே ஊத்திக் குடுத்துடு. அது கெழவியானாலும் மாறாது," என்பார். வருடத்துக்கு ஒரு சீசாவைத் திறந்து இருவரும் ருசி பார்ப்போம். அதற்கு அவரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: அன்று வெற்றிலை பாக்கு தொடக்கூடாது. பாக்குப் போட்ட வாய்க்குத் துவர்ப்பு உறைக்காது. எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. அவருக்கோ வெற்றிலை இல்லாமல் பேச்சே வராது.

சீமைக்குத் திரும்பும் ஒரு பெரிய துரைக்கு விருந்து ஏற்பாடாயிற்று. கிளப்பில் இருந்த உயர்ந்த ஒயின் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டார்கள். அது வந்து அதிக நாள் ஆகவில்லை. ருசி பார்த்தோம். என் ஈறு காய்ந்துபோயிற்று.

"அண்ணே, பாக்கு மென்ன மாதிரி இருக்கு. இன்னும் ஆறல."

"வெண்ணெ மாதிரி இறங்குது லா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"வாயத் தொறங்க, பாப்போம்."

"நீ என்னா, பல் டாக்டரா?"

சிரித்தார். பல்லிடுக்கில் செங்கல் நிறம். ஒயின் கறை கருநீலமாக இருக்கும்.

"வெத்தல போட்டிருக்கீங்க."

"காலையில ஒன்னே ஒன்னு. கொப்புளிச்சிட்டேன். தொரை காத்திருக்காரு, போ."

விருந்தில் முதல் வாயிலேயே துரைமார் முகம் சுளித்தார்கள். ஒருவர் கைக்குட்டையில் துப்பினார். கிளப் செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இதைச் சரி என்று சொன்னது யார் என்று கேட்டார். நான் அருளப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஸ்டோர் இவர் பொறுப்பு, வெக்கை பட்டிருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தச் சாக்குகளை நான் ஒரு நாளும் காயவிட்டதில்லை. அது அவருக்குத் தெரியும். என் வேலை போயிற்று. ஒயினைக் கெடுத்தவன் என்ற பேர் மட்டும் கூடவே வந்தது. வேறு எந்தக் கிளப்பும் என்னைச் சேர்க்கவில்லை.

பல வருடம் கழித்து அவர் மெர்சிங்கில் நான் போட்ட இந்தக் கடைக்கு வந்தார். அதே பெட்டியில் மிஞ்சிய சீசா ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இதோட ஜோடிய முந்தாநேத்துத் தொறந்தேன். ஆறிடுச்சு முத்தையா. நீ சொன்னதுதான் சரி. வெத்தலையவும் விட்டுட்டேன். வா, ரெண்டு பேரும் பாப்போம்."

"இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? கிளப்புல சொல்லிட்டு வாங்க. அப்புறம் தொறப்போம்."

"இன்னும் கொஞ்ச நாள்ல ஓய்வு லா. இப்பப் போயி…"

"அப்ப சீசாவ எடுத்துட்டுப் போங்க."

எடுத்துப் போகவில்லை. ஊற்றி வைத்த காப்பியையும் குடிக்காமல் எழுந்து போனார்.

அதற்குப் பிறகும் அவர் கிளப்பில் வாய் திறக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இனி திறக்கவும் முடியாது. உங்களுக்கு அவர் நல்லவராக இருந்திருப்பார், மறுக்கவில்லை. "போனவர மன்னிச்சிடுங்கண்ணே," என்று லாரிக்காரன் சொன்னான். மன்னிக்கவில்லை.

அவருடையவை என்று என்னிடம் இருப்பவை, ஆறும் துவர்ப்பையும் ஆறாத துவர்ப்பையும் பிரித்துச் சொல்லும் நாக்கும், அந்தச் சீசாவும். கடையின் பின்பக்கம் வெயில் படாத மூலையில், சாக்குச் சுற்றிப் படுக்கப் போட்டிருக்கிறேன். அதைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். அதனால் திறக்கப்போவதில்லை. இன்று காலை சாக்கு காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.