நான் அழுத்தாத நான்காவது மாற்றம்

“கொறைம்மா, இன்னும் கொஞ்சம் கொறை.” எங்கள் பழைய மேலாளர் சாரை நினைத்தாலே இந்தக் குரல்தான் முதலில் காதில் விழுகிறது. கைபேசி நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் நெரிசலைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரே டவரில் ஆயிரக்கணக்கான போன்கள் கூடினால் டவர் திணறும். அப்போது வீடியோ, படம் போன்றவற்றுக்கு ஒரு வரம்பு வைத்து அவற்றைக் காக்கவைப்போம். பேசுகிற அழைப்புகளுக்கு வழி கிடைக்கும். வரம்பைக் குறைத்தால் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அதற்குள் மறுபடி கைவைத்தால், இடம் கிடைக்காத போன்கள் திரும்பத் திரும்ப முட்டி நெரிசல் கூடத்தான் செய்யும்.

அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு நடந்த காலை அது. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில், எட்டு மாத மகளை மடியில் கிடத்திக்கொண்டு மடிக்கணினி முன் இருந்தேன். சார் அலுவலகத்திலிருந்து போனில் இருந்தார். பத்து நிமிடத்தில் மூன்று முறை குறைக்கச் சொன்னார். மூன்று முறையும் குறைத்தேன். அழைப்புகள் இன்னும் அதிகமாக அறுந்தன.

“கொஞ்சம் பொறுத்துப் பாப்பமா சார்?”

“அம்புட்டு சனம் நிக்குது, பொறுக்கச் சொல்றியே. பிள்ளையைத் தூங்க வைக்கிற வேலையாம்மா இது? கொறை.”

சுருக்கென்றது. அவருக்கு அனுபவம் அதிகம், நான்தான் தவறோ என்றும் தோன்றியது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒருத்தி போனை அழுத்திக்கொண்டிருந்தால்? நான்காவது முறை குறைப்பதற்கான எண்ணைத் தட்டினேன். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தவில்லை. “போட்டுட்டேன் சார்” என்றேன். இருபது நிமிடம் எதையும் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழைப்புகள் சீராகப் போகத் தொடங்கின.

“பாத்தியா? நாலாவது தடவைல வழிக்கு வந்துருச்சு” என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பேறுகால விடுப்புக்குப் பின் எனக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கித் தந்தவர் அவர். அந்த நன்றி பாதி, பயம் பாதி, வாயைக் கட்டிவிட்டது. கூட்டம் கூடினால் விடாமல் நான்கு முறை குறைக்க வேண்டும் என்று அவர் வழிமுறை எழுதி வைத்துவிட்டு, கோவைக்கு மாற்றலாகிப் போனார். அன்றைய கணினிப் பதிவில் மூன்று மாற்றங்கள்தான் இருக்கின்றன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மகள் இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள். ஒவ்வொரு திருவிழாவிலும் அழைப்புகள் அறுகின்றன. பொறுங்கள் என்றால், பணியில் இருப்பவர்கள் அந்தத் தாளைக் காட்டுகிறார்கள். எரிச்சல் அவர்கள் மேலா, சார் மேலா, என் மேலா என்று எனக்கே தெரியவில்லை. “உங்க சார் எழுதுனதைச் சாமி உத்தரவு மாதிரில்ல வச்சிருக்கீக” என்று கணவர் கேலி செய்கிறார். அவரிடமும் நான் உண்மையைச் சொன்னதில்லை.

போன வாரம் சாரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நாலாவது?”

“அழுத்தவே இல்ல சார்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அந்தத் தாளை இன்னும் மூணு ஊருக்கு அனுப்பியிருக்கேனேம்மா” என்றார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“எந்தெந்த ஊரு சார்?” என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.