பெருநாளுக்கு மினுக்கிய ஜீப்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் தோணி இழுத்தே உப்பேறிய பழைய ஜீப் அது. பெருநாளுக்கென்று பெயின்ற் அடித்தேன், சீற் கவர் போட்டேன். துருப்பிடித்த பிரேக் பைப்பை மட்டும் மாற்றவில்லை.

பிள்ளைகள் புத்துடுப்போடு ஏறினார்கள். சக்கரத்தடியில் பிரேக் ஒயில் சொட்டுவதைக் கண்ட மனைவி அவர்களை இழுத்து இறக்கினாள்.

"பெருநாள் கழியட்டும் புள்ள, மாத்துவம்," என்றேன் அவளிடம்.

"புள்ளயள மௌத்தாக்கினப்பொறகா மாத்தப் போறீங்க?"

டயர் மாற்றும் ஜக் கம்பியை எடுத்து முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினாள். நான் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அதே வெறியில் தனியாக ஜீப்பைக் கிளப்பினேன். வாசலில் மிதித்த பிரேக் அடிவரை இறங்கியது. ஜீப் எதிர்மதிலை உடைத்துக்கொண்டு போய் நின்றது.

இரத்தம் வழியக் கிடந்த என்னை வெளியே இழுத்தவள் அவள்தான். கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

பைப், கண்ணாடி, மதில் எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். அவள் இன்னும் ஜீப்பில் ஏறவில்லை. நம்பாதது பிரேக்கையா, என் கையையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.