முயல் இல்லாத வீட்டுக்கு முயல் தீன்

சாப்பாட்டுப் பை கொடுக்கிற வேலையில் பை முடியும், வரிசை முடியாது.

அன்றைக்குக் கதவு திறந்து கொஞ்ச நேரத்திலேயே அது தெரிந்துவிட்டது. நாங்கள் இலவசமாகப் பை கொடுக்கிற இடம் அம்மருட் என்கிற புறநகரில், அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு பழைய கடை. வழக்கமாக வரிசை கடை மூலையோடு நிற்கும். உதவிப்பணம் அனுப்புகிற அலுவலகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி அது மூன்றாவது கிழமை. ஒருவருக்கும் காசு வரவில்லை. போன் எடுத்தால் பாட்டு மட்டும் கேட்குது. வரிசை ரயில் நிலையத்துப் படிவரைக்கும் போய்விட்டது.

நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். வயது பதினெட்டு. வீட்டில் படுத்துக் கிடக்காதே என்று இஞ்சை அனுப்பிவிட்டார்கள். நீங்களும் எங்கேயாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று, இல்லாத சாமானுக்காக முகத்தைத் தொங்கப் போட்டவர் என்றால், மிச்சத்தை வாசியுங்கோ.

கதவடியில்

உள்ளே இருந்த பைகளை எண்ணினேன். வெளியே நின்ற தலைகளை எண்ணினேன். பாதிக்குப் பாதி. எனக்குச் சுற்றி வளைத்துக் கதைக்க வராது. வெளியே போய், "பை காணாது. அந்தச் சிவப்பு ஜக்கெட்டுக்குப் பின்னாலை நிக்கிற ஆக்கள் வீட்டை போகலாம்" என்று இந்த நாட்டு நொர்ஸ்க் பாஷையில் சொன்னேன். சிவப்பு ஜக்கெட் போட்ட மனிசன் திரும்பிப் பின்னால் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

வரிசையில் முதலாவதாக நின்றவர் ஹாலிமா. சோமாலியக்காரி, நாலு பிள்ளைகளின் தாய், காலை ஏழு மணியிலிருந்து குளிரில் நிற்கிறவர். அவர்தான் முதல் பையை வாங்கினார். வாங்கியதும் அதை நிலத்தில் வைத்துத் திறந்து, பின்னால் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, பாதியை அவளின் பைக்குள் போட்டார். அடுத்தவன் பார்த்தான், அவனும் அப்படியே செய்தான். நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பைக்கு இரண்டு வீடு என்று கடைசி ஆள் வரைக்கும் போனது. நான் வாயைத் திறந்தபடி, விரலை நீட்டி இன்னும் எண்ணிக்கொண்டு நின்றேன். ஹாலிமா போகும்போது சொன்னார்: "எண்ணினது காணும் தம்பி, பையைத் தூக்கிக் குடு."

பன்றி ஈரல்

ரொட்டிக்குப் பூசுகிற பன்றி ஈரல் பேணி எங்களுக்குப் பெட்டி பெட்டியாக வரும். அதைத் தின்னாத ஆட்களின் பையில் ஏன் போடவேணும் என்று ஒரு நாள் எனக்கு ஞானம் பிறந்தது. ஹாலிமா வீடு மாதிரி வீடுகளுக்கு ஈரல் இல்லாத பை தனியாகக் கட்டினேன். எங்கள் பொறுப்பாளர் பெரித் கூட, நல்ல யோசனை என்று முதுகில் தட்டினார். அவர் ஒருவரை முதுகில் தட்டுகிறது வருசத்தில் ஒரு தரம்.

அடுத்த கிழமை பெண்கள் நாலு பேர் முறைப்பாட்டோடு வந்தார்கள். அப்போதுதான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வெளியே ஆட்கள் குந்துகிற வாங்கில் ஒரு சந்தையே நடக்குது. போலந்துக்காரர் பருப்பையும் கடலையையும் வைத்துக்கொண்டு ஈரலுக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டு பேணிக்கு ஒரு பை பருப்பு. பால்மாவுக்கு வேறு விலை. ஒருவரின் பாஷை மற்றவருக்குத் தெரியாது, சண்டையும் இல்லை. இப்படி ஒன்றை அமைக்க அலுவலகக்காரருக்கு மூன்று கூட்டமும் ஒரு அறிக்கையும் வேணும். நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்து அந்தச் சந்தையைக் குழப்பியிருக்கிறேன். ஹாலிமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "எங்கடை பன்றி எங்கை?"

கோவா இலை

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லவேணும். வேலைநிறுத்தம் தொடங்கியபிறகும் வரிசையில் ஒரு தமிழரைக்கூட நான் காணவில்லை. "எங்கடை சனத்துக்கு இது தேவைப்படாது" என்று பெரித்திடம் பெருமையாகச் சொன்னேன். சனிக்கிழமைகளில் எங்கள் கோயில் ஆட்கள் வான் வண்டியில் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்குவார்கள். தமிழர் என்றால் குடுக்கிற பக்கம்தான் என்பது என் எண்ணம். அதோடு, சம்பளமில்லாமல் உதவிக்கு வருகிற தமிழர் திடீரென்று கூடியிருந்தார்கள். அது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்படி வந்தவர்தான் வசந்தி அன்ரி. மட்டக்களப்பு ஊர். ரயிலில் மூன்று தரிப்பு தள்ளி, ரொம்மனில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறார். வேலையில் சூரி. நான் ஒரு முட்டைக்கோவாவைத் துப்புரவாக்க முதல் அவர் ஆறை முடித்துவிடுவார். கழித்துவிடுகிற வெளி இலைகளை மட்டும் தன் பைக்குள் வைப்பார். "என்னத்துக்கு அன்ரி?" என்று கேட்டேன். "முயலுக்கு மனே" என்றார். எனக்குச் சந்தோசம். யாரோ தந்துவிட்டுப்போன சாமானுக்குள் முயல் தீன் ஒரு பெரிய பக்கெற் கிடந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, "பெரிய உதவி மனே" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவரின் மகள் பள்ளிக்கூடம் முடிந்து தாயைக் கூட்டிப்போக வந்தாள். ஒன்பது வயதிருக்கும். முயலுக்கு என்ன பேர் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்களிட்டை முயல் இல்லை அண்ணா, அந்தத் தீனை அம்மா கீழ்வீட்டு முயலுக்குக் குடுத்தவ."

தேத்தண்ணி

அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வீட்டில் சமைக்கிறது கோவா இலை. அதை வைத்துக்கொண்டு, கிடைத்த தீனைக் கீழ்வீட்டு முயலுக்குக் கொடுத்துவிட்டு, காலையில் வந்து ஊருக்கெல்லாம் பை கட்டுகிற ஒரு மனிசியை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. அடுத்த நாள் நேரே போய்க் கேட்டேன். "அன்ரி, வீட்டிலை சாப்பாடு இருக்கோ?"

அவர் கோவா வெட்டிக்கொண்டிருந்த கத்தி நிற்கவில்லை. "பிள்ளைகளுக்கு இருக்கு மனே."

"உங்களுக்கு?"

அடுத்த கோவாவை எடுத்தார். பட்டியலில் பேரைப் போடட்டோ என்று கேட்டேன். அப்போதுதான் கத்தியை வைத்தார். பை வாங்குகிறவர்களின் பேரை நாங்கள் கதவடியில் சத்தமாக வாசிக்கிறோம். சனிக்கிழமை கோயில் ஆட்கள் அங்கேதான் மூட்டை இறக்கிக்கொண்டு நிற்பார்கள். தன் பேரை வாசித்தால் நாளையிலிருந்து இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார். வராவிட்டால் கோவா இலையும் இல்லை, மத்தியானம் இஞ்சை உதவிக்கு வருகிற எல்லாருக்கும் வைக்கிற சூப்பும் இல்லை. பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "எனக்கென்ன மனே, இஞ்ச தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவும் போடலாம்தானே."

சனிக்கிழமை

பெரித்திடம் சொன்னேன். பெரித் கெட்ட மனிசி இல்லை. ஆனால் நேர்மை என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி, அவ்வளவுதான். பேர் இல்லாமல் பை இல்லை, பேரை வாசிக்காமலும் பை இல்லை. சனிக்கிழமைப் பட்டியலில் கடைசி வரி வெறுமையாக இருந்தது. பேனாவை என் கையில் தந்து, வசந்தியின் பேரை எழுது, மற்றவர்களுடையதைப் போலவே வாசி என்றார்.

கடைசி வரியை எழுதினேன். கதவடிக்குப் போனேன். கோயில் வானில் இருந்து அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். மேலிருந்து ஒவ்வொரு பேராக வாசித்துக்கொண்டு வந்து, கடைசியில் என் பேரை வாசித்தேன். அப்பாவின் பேரையும் சேர்த்து, முழுதாக. சிநேகிதரின் தோளில் இருந்த மூட்டை மெல்லக் கீழே இறங்கியது. என் பையை நானே வாங்கினேன். ஐந்து மணிக்கு முன் அம்மா போன் எடுத்து, "நாங்கள் உனக்குச் சோறு போடேல்லையோடா?" என்று கேட்டார்.

மேசையைத் துடைக்கிற நேரம் அந்தப் பையை வசந்தி அன்ரியின் கதிரையில் வைத்தேன். "எனக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகப் பஞ்சியா இருக்கு. நீங்கள் கொண்டுபோங்கோ" என்றேன். அவர் பையைத் திறந்து பார்த்தார். மேலே கோவா, முழுசாக. பையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அடுத்த கிழம கொஞ்சம் மெதுவா வாசி மனே, ரொம்மன் வரைக்கும் கேட்டிருக்கும்."

வகுப்பில் எழுதச் சொன்னதை எழுதாமல் இருந்துதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேன், பெரித் எழுதச் சொன்ன பேரும் அந்தப் பட்டியலில் இன்றுவரை இல்லை.