பெட்டியில் வைத்தது வெங்காயம் அல்ல

அக்காவின் முதலாண்டுத் திருப்பலிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஓராண்டாக நீங்கள் கேட்டும் கேட்காமலும் இருந்த ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்று அக்காவின் பெட்டிக்குள், வலது கைப்பக்கம் நான் வைத்த ஊதா நிறப் பொருள் வெங்காயம் அல்ல.

எரியோட்டு அத்தை அன்றைக்கே என் காதருகே வந்து, "ஏப்பா, பெட்டிக்குள்ள வேரோட ஒரு வெங்காயத்த வச்சிருக்கியே, இது என்ன புது வழக்கம்?" என்றார். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். அத்தை நம்பி நாலு பேரிடம் சொல்லியும்விட்டார். யாராவது உண்மையிலேயே வெங்காயம் வைப்பதற்குள் திருத்திவிட வேண்டும். அது ஜெல்லி மீன். திமிங்கலமாகப் பிறந்திருக்க வேண்டியது.

அக்கா அகரத்தில் பிறந்தார். (எழுத்தில்தான் 'பிறந்தார்'. நேரில் ஐம்பது வருடமும் 'நீ, வா, போ'தான். மலரில் மரியாதை குறையக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு.) அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எட்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து, திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் டவுனுக்குக் கூட்டி வந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், தம்பி பத்தாவது பாஸாகட்டும் என்றார். நான் பாஸாவதற்குள் பேச்சு வருவது நின்றுவிட்டது. இதை வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் தப்பித்து வந்திருக்கிறேன்.

அக்காவிடம் படித்தவர்களுக்குத் தெரியும்: தப்பான வரியை மட்டும் அடித்துத் திருத்த விடமாட்டார். பக்கத்தையே கிழித்துவிட்டு, "முதல்லருந்து போடு" என்பார். வீட்டில் என் நோட்டிலிருந்து கிழிந்த பக்கங்களில் ஒரு பள்ளிக்கூடமே படித்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற பிறகு செல்போனில் பார்த்து ஒரு பொட்டலம் வரவழைத்தார். ஊதா உல்லன் நூல், பின்னுவதற்குக் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசி, கொஞ்சம் பஞ்சு, இரண்டு கறுப்புக் கண்கள், செய்முறைத் தாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான எளிய திமிங்கலம். பொட்டலம் வந்த வாரமே பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் இடது கையால் பொட்டலத்தைக் காட்டினார்.

"நீ போடு. நான் எண்ணுறேன்."

சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றுகிறவன் நான். அக்காவோ ஐந்தாறு வீடியோ பார்த்தவர், அவ்வளவுதான். ஆக, தெரியாத இரண்டு பேர். நூலை வளையமாக்கி அதற்குள் ஆறு கண்ணி போட எனக்கு நான்கு நாள் ஆனது. ஏழு விழும்; பிரி என்பார். ஐந்து விழும்; பிரி என்பார். பிரித்துப் பிரித்து நூலுக்கு நரை விழுந்தது.

அடுத்தடுத்த சுற்றில் ஆறு பன்னிரண்டாகி, பதினெட்டாகி, இருபத்து நாலுக்கு வந்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இருபதுக்கு மேல் அக்காவுக்கு எண்கள் வழுக்கின. இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்குத் திரும்புவார், நிறுத்துவார், சன்னலைப் பார்ப்பார். கை போனதற்குக்கூட அந்த முகம் அப்படிச் சுருங்கவில்லை. அன்று சாயங்காலம் செபமாலையை எடுத்தார். ஒரு கண்ணிக்கு ஒரு மணி. இனி எண்ணே வேண்டாம், விரல் பார்த்துக்கொள்ளும்.

வினை அங்கேதான் வந்தது. செபமாலையில் பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி. பெரிய மணி வந்ததும் அக்காவின் வாய் தானாகப் பரலோக மந்திரத்துக்குப் போய்விடும். செபம் சொல்லும்போது கைவேலை பார்த்தால் தலையில் குட்டு விழும் வீட்டில் வளர்ந்தவன் ஆதலால், நானும் ஊசியை நிறுத்திவிடுவேன். செபம் முடிந்ததும், கடைசிக் கண்ணியைப் போட்டோமா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று அதே ஓட்டையில் இன்னொன்று போடுவேன். பத்துக்குப் பதினொன்று. சுற்றுக்கு முப்பது கண்ணியிலேயே நின்று உருண்டையாக வேண்டிய திமிங்கலம், சுற்றுக்குச் சுற்று அகன்று கோயில் மணி மாதிரி விரிந்துகொண்டே போனது.

இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். சொல்லவில்லை. எண்ணியதில் பிசகு என்று அக்காவின் காதில் எப்படிப் போடுவது? அதனால் மேலும் மேலும் போட்டேன். வாழ்நாளில் நான் மனமறிந்து செய்த ஒரே தப்புக் கணக்கு அது. மற்றதெல்லாம் அறியாமல் செய்தவை.

ஒரு நாள் மத்தியானம் அக்கா அதை வாங்கி, இடது கையால் விளிம்பைச் சுற்றித் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"ஏலே, இது மூடாது. எம்புட்டு நாளாத் தெரியும் ஒனக்கு?"

"ரெண்டு வாரமா. தப்பு என் மேலதான்க்கா."

"மணிய உருட்டுனது யாரு?"

நான் ஊசியை எடுத்து நூல் முனையைத் தேடினேன். பழக்கம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரிக்காத. இருக்கட்டும்."

ஐம்பது வருடத்தில் அக்காவிடமிருந்து நான் கேட்டிராத வார்த்தை. மகிழ்ந்திருக்க வேண்டும்; பயந்துபோனேன். அவரோ அமைதியாக, இதற்குக் கீழே வட்டமாக ஒன்று போட்டு மூடு, பஞ்சைத் திணி, விழுதுகள் தொங்கவிடு, ஜெல்லி மீன் ஆகிவிடும் என்றார். எத்தனை விழுது என்று கேட்டேன்.

"எண்ண வேணாம்டா. போதுங்கிற வரைக்கும் போடு."

சும்மா சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வந்த வேலை. போட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. ஜெல்லி மீனுக்குக் கண் தைத்தது அடக்கத்தன்று காலையில். பின்ன ஆசைப்பட்டது அக்காவின் வலது கை, அதனால் அந்தக் கைப்பக்கம் வைத்தேன். வெங்காயம்போல இருந்தது என் கைத்திறன்.

அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டிய என் மனைவிக்கும், வீடு தேடி வந்து கையை நீவிவிட்ட பிசியோதெரபி தங்கைக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், கல்லறைத் தோட்டம் வரை சுமந்தவர்களுக்கும், வெங்காயம் என்று நினைத்தும் சபையில் சிரிக்காதிருந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஓர் உதவி. மீதி நூலில் திமிங்கலத்தைத் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் வாங்கிப் பாருங்கள். கோணலாக இருந்தால் மரியாதை பார்க்காமல், பிரிச்சிட்டு முதல்லருந்து போடு என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஓராண்டுக்கு மேலாகிறது.