குருநகருக்குக் கொண்டுபோன இரண்டு பட்டங்கள்

பலாலி விமான நிலையத்தில் நான் இறங்கியபோது காலை பதினொன்றரை. நீளமான பையைத் திறந்து பார்த்த அதிகாரி, "உது என்ன?" என்றார். பட்டம் என்றேன். "பட்டம் விடவோ மெட்ராசிலை இருந்து வந்தனீங்கள்?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். நான் வந்த காரியத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூட் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் ஆறு வருடம் என்னோடு பட்டச் சவாரி கற்றுக்கொடுத்தவன். பலகைக்கு அடியில் ஒரு கம்பம். கம்பத்தின் நுனியில் தண்ணீருக்குள் ஓடும் இறக்கை. மேலே பட்டம் இழுக்க, வேகம் பிடித்ததும் பலகை நீரைவிட்டு ஒரு முழம் எழும்பும். அதற்குப் பிறகு அலைச் சத்தம்கூடக் கேட்காது. காற்று குறைந்த நாளிலும் ஓடலாம் என்பதுதான் இதன் மயக்கம். சென்ற வருடம் அப்படி ஒரு நாளில் கடலுக்குள் போன ஜூட் திரும்பவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. பெட்டியை ஊருக்கு அனுப்பிவைத்தேன். கூட வர எனக்குத் துணிவில்லை. கடலுக்குள் போன அன்று அவனுக்குப் பதினேழு சதுர மீட்டர் பட்டத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். அதை அவன் அண்ணனிடம் சொல்ல மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் மழை வெயில் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பட்டங்களை முன்னால் வைத்தாவது சொல்லிவிடலாம் என்றுதான் அவற்றோடு புறப்பட்டேன்.

பலாலியிலிருந்து குருநகர் இருபது கிலோமீட்டர் சொச்சம். முச்சக்கர வண்டிக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், இலங்கைக் காசு. பலகை ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு வந்ததால், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தருகே ஒரு சைக்கிள்காரர் என்னை வாய் நிறைய வாழ்த்தினார்.

பகல் ஒன்றரைக்கு ஜூட்டின் அண்ணன் சூசை வாசலில் நின்றார். சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறார். அதே அகன்ற நெற்றி. "வாங்கோ. முதல் சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். மீன்குழம்பு பரிமாறினார். எதிர்ச் சுவரில் மாலையோடு ஜூட். கை கழுவியபின் அவரே கேட்டார்: "அவன் செய்த விளையாட்டை எனக்கு ஒருக்காக் காட்டுவியளோ? படத்திலைதான் பாத்தனான்."

மாலை நான்கு மணிக்குக் கரையில் பைகளைத் திறந்தேன். காற்று எட்டு நாட்ஸ். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

"உதிலை அரைப் பாகம். அங்காலை கொஞ்சம் கூட."

எதில் பாதி என்று எனக்கு விளங்கவில்லை. அவர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். "இது ஒரு பாகம்." நெஞ்சின் நடுவிலிருந்து விரல் நுனிவரை அரைப் பாகம். என் தொண்ணூறு சென்டிமீட்டர் கம்பத்தை அந்தக் கையோடு வைத்துப் பார்த்தேன். சரியாக அவ்வளவுதான், தரையில் முட்டிவிடும். அறுபது சென்டிமீட்டர் கம்பத்தை எடுத்து, மெதுவான ஓட்டத்திலும் தூக்கக்கூடிய பெரிய இறக்கையை அதில் பூட்டினேன்.

இரண்டு பட்டங்களும் மணலில் கிடந்தன. பன்னிரண்டு ஒன்று, பதினேழு ஒன்று. அவர் பெரியதைத் தொட்டார். "காத்துக் குறைவு. பெரிசையெல்லோ எடுக்கவேணும்?"

சின்னதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அன்னைக்கு நானும் அப்படித்தான்ணா நினைச்சேன். பெருசு கனம். காத்து விட்டுப்போனா தண்ணியில விழுந்துடும், மறுபடி எழும்பாது. சின்னது லேசு, கொஞ்சம் காத்துலயும் நிக்கும். தெரிஞ்சும் அவசரத்துல பெருசை நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவர் பட்டத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "விழுந்த பிறகு ஆர் போய் ஏத்தினது?"

"யாரும் போகல. எங்ககிட்ட படகு இல்ல."

"ஒரு வள்ளமும் இல்லாமலோ கடலிலை விட்டனீங்கள்?" குரல் உயரவே இல்லை. "எத்தினை பட்டம் வைச்சிருந்தனீங்கள்?"

"நாலு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்துபோய்த் தம் வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்தார். "நீங்கள் போங்கோ. நான் பின்னாலை வாறன்."

பன்னிரண்டோடு இறங்கினேன். பட்டத்தை இருமுறை மேலும் கீழும் வீசியதும் பலகை எழும்பியது. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த அமைதி. ஆனால் முழு அமைதி அல்ல, பின்னால் வள்ளத்தின் எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மண்டைதீவுப் பக்கம் பாதி வழியில் காற்று செத்தது. லேசான பட்டம்தான், எத்தனை வீசியும் நிற்கவில்லை. மெல்ல வந்து நீரில் படுத்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கை என் முன்னால் நீண்டிருந்தது. பிடித்து ஏற்றினார்.

ஈரப் பட்டத்தையும் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார். "அவனும் உப்பிடித்தான் விழுந்தவனோ?" என்றார்.

"ஓம்" என்று அவர் பேச்சிலேயே ஆமோதித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். "போட்டு வாங்கோ" என்றார்; மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோவளத்தில் இப்போது ஒரு பழைய படகு நிற்கிறது. நேற்று மாலை எட்டு நாட்ஸ் காற்று, கண்ணாடி போலக் கடல். மூன்று மாணவர்கள் பட்டம் விரித்துத் தயாராக நின்றார்கள். படகின் எஞ்சின் கிளம்பவில்லை. எல்லாவற்றையும் சுருட்டி வைக்கச் சொன்னேன்.