அப்பா செய்த மேசையும் நாங்கள் நின்று சாப்பிட்ட சோறும்

அப்பாவின் நினைவாக அச்சாகும் இந்த மலரில் எனக்கு முன்னால் மாமி எழுதியிருக்கிறார். மாமி, அப்பாவின் ஒரே தங்கை. அண்ணன் தன் கையால் செய்த மேசையைச் சுற்றிக் குடும்பமாக அமர்ந்து உண்ட அந்த இனிய நாளை ஆயுளுக்கும் மறக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியில் அந்த வரியைப் படித்ததும் நானும் எழுதுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை. இதையெல்லாம் நினைவு மலரிலா எழுதுவது என்று தம்பி தயங்கினான். பொய்க்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம் என்றால் உண்மைக்கும் இரண்டு பக்கம் கொடுக்கலாம் என்றேன்.

அப்பா கொழும்பில் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துச் சங்கு கேட்கும் ஓர் ஒழுங்கையில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். படிப்பைப் பாதியில் விட்டு, கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்துப் பதியும் கிளாக்கராகத் துறைமுகத்தில் சேர்ந்தார். தங்கையைக் கரைசேர்த்த பிறகே தன் கலியாணத்தைப் பற்றி யோசித்தார். தமிழர் வீடுகள் சூறையாடப்பட்ட கலவர நாட்களில் குடும்பத்தோடு மாதா கோயிலில் தங்கியிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுகூட மிஞ்சவில்லை. அப்போதும் யார் மேலும் ஒரு கடுஞ்சொல் சொன்னவர் அல்லர்.

நாங்கள் வளர்ந்தது ஒரே ஓர் அறையில். கட்டில், அலுமாரி, மாதா சுரூபம், தையல் மெசின், இவை போக மிஞ்சிய இடத்தில் இரண்டு பேர்தான் சம்மணம் போட்டு இருக்கலாம். முதலில் நானும் தம்பியும், பிறகு அப்பா, கடைசியில் அம்மா என்று முறை வைத்துத்தான் சாப்பிட்டோம். கிறிஸ்மஸ் அன்றும் அதே கதைதான். அப்பாவுக்கு அது பெரிய மனக்குறை. ஒரு நாளைக்கு ஒரு நீட்டு மேசை போட்டு எல்லோரையும் சேர்த்து இருத்திச் சாப்பாடு போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்றதும் நீர்கொழும்புக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருபது பேர்ச், அதாவது அரைக்கால் ஏக்கர், தென்னங்காணியோடு ஓர் ஓட்டு வீட்டை வாங்கி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வருடத்துக்குள் அம்மா காலமானார். எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம், மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் மரம் அரியும் வாளையும் உளியையும் கையில் எடுத்தார். தச்சு வேலையில் அவருக்கு அ, ஆ கூடத் தெரியாது. தம்பி வாங்கிக் கொடுத்த போனில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்துச் சாமான்கள் செய்யும் வீடியோக்களைப் பார்ப்பார். பார்த்ததை மறுநாள் காலையில் செய்யத் தொடங்குவார்.

மரத்தோடு பேசியவர் என்று ஒருவர் இந்த மலருக்குக் கவிதை அனுப்பியிருக்கிறார். மரம் அவரோடு பேசியிருந்தால் விட்டுவிடும்படி கெஞ்சியிருக்கும். அவர் செய்த கோழிக்கூட்டின் கதவு உள்பக்கமாகத் திறந்ததால் ஒவ்வொரு முறையும் ஒரு கோழி நசுங்கியது. வாசல் படலையைத் திறந்தால் அது நிலத்தில் இழுபட்டது. கிணற்றடியில் அவர் அடித்த தட்டில் சவர்க்காரம் வைத்தால் வழுக்கிக் கிணற்றுக்குள் விழும். துறைமுகத்துப் பழைய நண்பர்கள் அனுப்பும் பெட்டிப் பலகைகள் வீட்டைச் சுற்றி வளவெங்கும் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் எலி செத்து நாறும், மட்டத்தேள் ஓடும். போய்வரும் போதெல்லாம் என் கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது. அப்பா அதைக் கண்டும் காணாதவர்போல் புதிய வேலையைக் காட்டுவார்.

அம்மாவின் மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசையன்று வளவில்தான் பகல் சாப்பாடு என்று அப்பா எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அதற்காக இரண்டு மாதம் பாடுபட்டு மாமரத்தின் கீழ் பதினான்கு பேர் இருக்கக்கூடிய மேசையும் அதன் இருபுறமும் உட்கார இரண்டு நீட்டு வாங்குகளும் செய்தார். உண்மையைச் சொன்னால் அது அவர் செய்தவற்றில் உருப்படியான சாமான். ஆட்டம் இல்லை, கோணல் இல்லை. ஆனால் பூசைக்கு மூன்று நாளைக்கு முன் வாங்கின் கால் ஒன்றில் கறையான் ஏறியிருப்பதைக் கண்டு பதறிப்போனார். அந்த ஊரில் வேலிக்கட்டைகளுக்குக் கறையான் வராமல் பழைய எஞ்சின் ஒயில் பூசுவார்கள். வெள்ளைக்காரனும் மேசைக்கு ஒயில்தானே தேய்க்கிறான் என்று அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. வாகனம் திருத்தும் கராச் ஒன்றிலிருந்து ஒரு கலன் வாங்கிவந்து, மேசை, வாங்கு, கால் என்று ஓர் அங்குலம் விடாமல் பூசினார். பெயின்ட் காய்வதுபோல் இதுவும் மூன்று நாளில் காய்ந்துவிடும் என்று நினைத்துவிட்டார். காயாததால் பூசையன்று காலையில் அதன்மேல் பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்தார்.

நினைவுப் பூசை என்பதால் நாங்கள் எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தோம். கோயிலிலிருந்து நேரே வந்து அந்தத் தாள்களின்மேல் இருந்தோம். முதலில் எழும்பியவர் மாமி. அவருடைய வெள்ளைச் சேலையின் பின்பக்கம் கறுத்து, அதில் பத்திரிகைத் தாளும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக எழும்பித் திரும்பிப் பார்த்தோம். என் மகளின் சட்டை, தம்பியின் காற்சட்டை, மேசையில் ஊன்றிய முழங்கைகள், எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று அந்தக் கருமம். கழுவக் கழுவ அது கையிலிருந்து போகவில்லை. சோற்றின் மணத்தையும் அந்த நாற்றம் மூடிவிட்டது.

“மனிசரக் கூப்பிட்டு வச்சு இப்பிடியா அண்ணே செய்யிறது? பூசைக்குக் கட்டின சேலை” என்றார் மாமி.

மாமி சொன்னதை மட்டும் எழுதி நிறுத்தினால் நானும் அவரைப் போலத்தான். பதின்மூன்று பேருக்கு முன்னால் நான் சொன்னது இது: “உங்கட விளையாட்டுக்கு எங்கட உடுப்பையா தாறது அப்பா? சீ. இனி எங்களைக் கூப்பிடாதீங்க.”

அப்பா சவர்க்காரத்தோடு நின்றார். “சோறு ஆறப் போகுது. நிண்டாவது சாப்பிட்டுட்டுப் போங்க மகள்” என்றார்.

நின்றுகொண்டே சாப்பிட்டோம். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி, மேசையில் முட்டிவிடாமல் பத்தடி தள்ளி நின்று சாப்பிட்டோம். மாமி எழுதியிருக்கும் இனிய நாள் அதுதான். அப்பாவும் எங்களோடு நின்றார்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அப்பாதான் மாதம் ஒருமுறை பஸ் ஏறி, தேங்காயும் முட்டையும் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வருவார். மேசையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசி நான்கு மாதங்களில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பார். “மேசை இப்ப சரி மகள். ஒட்டாது. வாற கிழமை வரலாம்” என்பார். “பாப்பம் அப்பா” என்பேன். மகளுக்கு டியூசன், எனக்கு ஒபிஸ் வேலை, மழை, வெயில் என்று ஒவ்வொரு கிழமையும் எனக்கு ஒரு சாட்டு இருந்தது. போனை வைத்துவிட்டு, இந்த மனிதர் விடமாட்டார் போலிருக்கிறது என்று சலித்துக்கொள்வேன்.

நெஞ்சுவலி வந்தபோது பக்கத்து வளவு அக்காதான் அப்பாவை முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நினைவு இருந்தது. கோழிகளுக்குத் தீன் போடச் சொன்னார். மறுநாள் பகல் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து நானும் தம்பியும் வளவுக்குப் போனோம். மேசை மாமரத்தடியில் வெளிறிப்போய்க் கிடந்தது. அந்த அக்கா சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். முதலில் அப்பா மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாராம். வெயில் ஏறியதும் ஒயில் திரும்பவும் கசிந்ததாம். மரத்தூளைக் கொட்டித் தேய்த்துப் பார்த்தாராம், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் மேசையிலும் வாங்குகளிலும் மேல்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புதுப் பலகை சீவிப் பூட்டினாராம். கைநடுக்கத்தோடு செய்ததால் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்ததாம். அது முடிந்த பிறகு நடந்ததை அக்கா சொன்னபோது தம்பி எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

“ஒவ்வொரு ஞாயிறும் கோயிலால வந்து, அந்த வெள்ளை உடுப்போட வாங்கில எல்லா இடத்திலயும் மாறி மாறி இருப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பின்னால ஏதும் பட்டிருக்கா எண்டு பாக்கச் சொல்லித் திரும்பி நிப்பார். ஒண்டும் இல்லை ஐயா, சுத்தமா இருக்கு எண்டு நான் சொன்ன பிறகுதான் உங்களுக்குப் போன் எடுப்பார்.”

அந்தப் போன்தான் எனக்குச் சலிப்பாக இருந்தது. அப்பாவின் மரத்தூள், செத்த எலி, ஒயில் என்று எத்தனையோ நாட்கள் அருவருத்திருக்கிறேன். இன்று எனக்கு என்மேல் வருகிற அருவருப்புக்கு அவையெல்லாம் கிட்டவும் வரா.

அப்பாவின் உடலைச் சுமந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், அடக்கப் பூசை ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், தூர இடங்களிலிருந்து வந்து எங்களோடு நின்ற உறவினர் நண்பர்களுக்கும் குடும்பத்தின் பெயரால் நன்றி சொல்கிறேன். மாமிக்கும்தான், அவருடைய சேலை பழுதானதும் உண்மையே. பக்கத்து வளவு அக்காவுக்கு நன்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா வெள்ளை உடுப்போடு திரும்பி நின்றபோது பின்னால் நின்று பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.